பன்னுக்கு வெளிய நிக்கிற கறி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்கால இந்தியானா மாநிலத்து டிரைவ்-இன் கடைகள்ல கிடைக்கற ப்ரெடட் போர்க் டெண்டர்லாய்ன் சாண்ட்விச், அதாவது பன்றிக்கறிய தட்டி மாவுல புரட்டி பொரிச்சு பன்னுக்குள்ள வைக்கறது, அது பத்தி ஒரே ஒரு பாரா எழுதினேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. அங்க ஆறு வருஷம் இருந்தவன், ரொம்ப ஆசையா சாப்பிட்டவன், அதனால இந்த வாரம் முழுக்க அதுக்கே குடுத்துடறேன்.

மகன் இந்தியானால கொலம்பஸ் ஊர்ல கம்மின்ஸ் கம்பெனில வேலை பாக்குறான், ஜூன் மாசம் நாங்க போறோம். அவன் அனுப்பின போட்டோல கறி தட்டு அளவுக்கு இருக்கு, பன்னு நடுவுல பொட்டு வச்ச மாதிரி இருக்கு. இது சும்மா போட்டோவுக்காக பண்றதா சார்? (மதுரை வாசகி)

இல்லம்மா, அது அப்படித்தான் வரும். பன்றியோட முதுகுப் பக்கத்து கறி, எலும்பு கொழுப்பு எல்லாம் எடுத்தது, ஒரு விரல்கடை தடிமன்ல வெட்டி, நடுவுல கீறி புத்தகம் மாதிரி விரிச்சு, சுத்தியல் வச்சு தட்டு தட்டுன்னு தட்டுவாங்க. அரை சென்டிமீட்டர் கனம் வர்ற வரைக்கும் தட்டினா உள்ளங்கை அளவு துண்டு தோசை மாதிரி பரந்துடும், ஆனா கறியோட எடை அதேதான். முதுகுக்கறில கொழுப்பு கம்மி, கனமா விட்டு பொரிச்சா நடுவுல வேகறதுக்குள்ள வெளிய காஞ்சு சக்கையாயிடும், அதனாலதான் மெலிசாக்குறாங்க. தட்டறப்போ நார் உடையுது, அதுல மெத்துன்னு ஆகுது, வேகறதும் சில நிமிஷத்துல முடிஞ்சிடும், அதுக்குள்ள மேல் மாவு மொறுமொறுன்னு ஆயிடும். பன்னு சாதா பர்கர் பன்னுதான், அது பிடிக்கறதுக்கு மட்டும். பேரு டெண்டர்லாய்ன்னு இருந்தாலும் நிறைய கடைல அந்த பேருக்குரிய ஒல்லியான உள்சதைய போடறதில்ல, பக்கத்துல இருக்கற, லாய்ன்னு சொல்ற இந்த முதுகுக்கறியத்தான் போடறாங்க. அதுல ஏமாத்து எதுவும் இல்ல, தட்டறதுக்கு அதுதான் வசதி.

எப்படி சாப்பிடறதுன்னு அவங்களுக்குள்ளயே ஒத்துக்க மாட்டாங்க. சுத்தி வெளிய நிக்கறத முதல்ல பிச்சு தின்னுட்டு பன்னுக்கு வர்ற ஆளும் உண்டு, கறிய ரெண்டா வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கறவங்களும் உண்டு. நான் முதல் கட்சி. ஓரம்தான் ரொம்ப மொறுமொறுப்பு, அத சூடு ஆறறதுக்குள்ள தின்னுடணும். மஞ்ச கடுகு சாஸ், ஊறுகாய் வெள்ளரி, பச்ச வெங்காயம், இது போதும். மயோனைஸ் லெட்டூஸ் தக்காளி எல்லாம் போட்டுத் தருவாங்க, அதுலேந்து தண்ணி இறங்கி மாவு நனைஞ்சிடும், வேணாம்னு முதல்லயே சொல்லிடுங்க.

இத முதல்ல செஞ்சது யாரு? ஜெர்மன்காரங்க ஷ்னிட்செல்தானே இது? (தஞ்சாவூர் வாசகர்)

சொந்தக்கார பலகாரம்தான். ஷ்னிட்செல்னா கறிய மெலிசா தட்டி மேல் மாவு போட்டு பொரிக்கறது. வியன்னா ஊர் ஷ்னிட்செல் கன்னுக்குட்டி கறி, ஜெர்மனில அதையே பன்றில செய்வாங்க. இந்தியானா பக்கம் ஜெர்மன்லேந்து வந்து குடியேறின விவசாயக் குடும்பங்க நிறைய, பன்றி வளர்ப்பும் நிறைய, ஆக ரெண்டும் சேந்துச்சு. ஹண்டிங்டன்னு ஒரு சின்ன ஊரு, அங்க நிக் ஃப்ரைன்ஸ்டைன்னு ஒருத்தர் 1904ல தள்ளுவண்டில சாண்ட்விச் வித்துட்டு இருந்தவரு, 1908ல கடை போட்டாரு. நிக்ஸ் கிச்சன்னு அந்த கடை, இந்த சாண்ட்விச் அங்கதான் பொறந்துச்சுன்னு இந்தியானால சொல்வாங்க. அவரோட கூடப் பொறந்த ஜேக்குக்கு குளிர்ல கை விறைச்சு விரலெல்லாம் போயிடுச்சு, மிச்சம் இருந்த அந்த மொட்டைக் கையாலயே அவரு கறிய தட்டித் தட்டிதான் இப்படி மெத்துன்னு ஆச்சுன்னு ஒரு கதை உண்டு. எழுத்து ஆதாரம் பாத்து சொல்ற கதை இல்ல, அந்த ஊர்க் கதை, ஆனா அந்த குளிர நானும் பாத்திருக்கேன், எனக்கு அத தள்ளிவிட மனசு வரல. ஷ்னிட்செல் சட்டில கொஞ்சம் எண்ணெய் விட்டு பொரிக்கறது, தட்டுல வச்சு கத்தி வச்சு வெட்டித் திங்கறது. இது எண்ணெய்ல முங்க விட்டு எடுத்து, பன்னுக்குள்ள வச்சு, கையில பிடிச்சு சாப்பிடறது.

டிரைவ்-இன்னு எழுதியிருந்தீங்க, அது டிரைவ்-த்ரூதானே? (கோவை)

இல்லைங்க, ரொம்ப வித்தியாசம். டிரைவ்-த்ரூல ஜன்னல்கிட்ட போயி வாங்கிட்டு கிளம்பிடணும். டிரைவ்-இன்ல ஷெட்டுக்குக் கீழ காரை நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருப்போம், கார்ஹாப்னு சொல்லுவாங்க, பெரும்பாலும் ஸ்கூல் காலேஜ் பசங்க, வந்து ஆர்டர் எடுத்துட்டு போயி ஒரு தட்டு கொண்டு வந்து கார் கண்ணாடில கொக்கி மாட்டி தொங்க விட்டுடுவாங்க, சாப்பிட்டு முடிச்சதும் சில இடத்துல ஹெட்லைட்ட போட்டா வந்து தட்ட எடுத்துட்டு போவாங்க. 1921ல டல்லாஸ்ல பிக் ஸ்டேண்டுன்னு ஒரு கடை இந்த முறைய ஆரம்பிச்சது, கார் பெருகப் பெருக நாடு முழுக்க பரவுச்சு, அப்புறம் டிரைவ்-த்ரூ வந்து பாதிய அழிச்சுடுச்சு. மிச்சம் இருக்கறதுல நிறைய இந்த சின்ன ஊர்கள்லதான்.

ஒரு ஜூலை மாச சாயங்காலம், ரெண்டு பக்கமும் சோளக்காடு, மழை வந்து ஓஞ்சு ரோட்டுலேந்து ஆவி கிளம்பிட்டு இருந்துச்சு, நானும் என் வீட்டுக்காரியும் பொண்ணும் காருக்குள்ள, கண்ணாடில தட்டு தொங்குது, பக்கத்து கார்ல ஒரு தாத்தா பாட்டி, பாட்டி கறிய பிச்சுப் பிச்சு பின் சீட்ல பேரனுக்கு ஊட்டறாங்க. எங்க அம்மா எனக்கு மீன முள்ளு எடுத்து ஊட்டினது அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு. அமெரிக்கால நான் வேத்தாளா இல்லாம உக்காந்திருந்த முதல் இடம் அதுதான்னு இப்பவும் சொல்லுவேன்.

ஒண்ணு கவனிச்சுக்குங்க, டிரைவ்-இன் நிறைய கடை குளிர்காலத்துல மூடிடும். நான் ஒரு ஜனவரில ரெண்டரை மணி நேரம் பனில ஓட்டிட்டு போயி, "வசந்த காலத்துல சந்திப்போம்"னு எழுதி வச்ச போர்ட பாத்துட்டு திரும்பியிருக்கேன். ஒரு போன் போட்டுட்டு கிளம்புங்க.

அதுகூட ரூட் பீர் குடிக்கணும்கிறாங்களே, குடிப்பழக்கம் இல்லாதவங்க என்ன பண்றது? (திருநெல்வேலி)

தாராளமா குடிங்க, அதுல சாராயம் கிடையாது. நன்னாரி சர்பத்துக்கு தூரத்து சொந்தம் மாதிரின்னு வச்சுக்குங்க, வேர் வாசனை, நுரை, இனிப்பு. முன்னாடி சாசஃப்ராஸ்னு ஒரு மரத்து வேர்ல செஞ்சாங்க, அதுல இருக்கற சாஃப்ரோல் உடம்புக்கு ஆகாதுன்னு 1960ல அமெரிக்க அரசு தடை பண்ணிடுச்சு, இப்ப சாஃப்ரோல நீக்கின வாசனையோ வேற வாசனையோதான். ஃப்ரீஸர்ல வச்ச கண்ணாடி மக்ல ஊத்தித் தருவாங்க, முதல் வாய்க்கு மருந்து வாசனை மாதிரி இருக்கும், மூணாவது வாய்ல பிடிச்சுடும்.

போர்க்ல புழு இருக்கும்னு டாக்டர் சொந்தக்காரர் பயமுறுத்தறார். (சேலம்)

பயம் நியாயமானதுதான், சரியா வேகாத பன்றிக்கறில நாடாப்புழு வரும். ஆனா முழுத்துண்டு போர்க்குக்கு உள் சூடு 63 டிகிரி வந்து மூணு நிமிஷம் விட்டா போதும்னு அமெரிக்க விவசாயத்துறை சொல்லுது, இங்க அரை சென்டிமீட்டர் கறி 175 டிகிரி எண்ணெய்ல முங்கிக் கிடக்கு, அத தாண்டித்தான் போயிடும். அதனால இந்த சாண்ட்விச்சுக்கு பயப்பட வேணாம்.

நான் முஸ்லிம், ஆபீஸ் நண்பர்களோட போக வேண்டி வருது, ஃப்ரைஸ் மட்டும் சாப்பிடலாமா? (சென்னை)

கேட்டுட்டு சாப்பிடுங்க தம்பி. சின்ன கடைல போர்க், ஃப்ரைஸ், ஆனியன் ரிங்ஸ் எல்லாம் ஒரே எண்ணெய்லதான் போகும், கறிக்குத் தனி எண்ணெய் வைக்கற கடையும் இருக்கு, நேரா கேட்டா மறைக்காம சொல்லுவாங்க. சைவக்காரங்களுக்கும் இதேதான். ரூட் பீர், ஐஸ்கிரீம் போட்ட ரூட் பீர் ஃப்ளோட், இதுல பிரச்சனை இல்ல.

ஐயோவா மாநிலத்துல இருக்கேன், இங்கதான் பெஸ்டுன்னு சொல்றாங்க! (டெ மாய்னிலிருந்து ஒரு வாசகர்)

சொல்லாம என்ன பண்ணுவாங்க, நாட்டுலயே அதிக பன்றி அங்கதானே. பன்றி வளர்ப்போர் சங்கம் வருஷா வருஷம் சிறந்த டெண்டர்லாய்னுக்கு போட்டி வச்சு பரிசு குடுக்குது, ஜெயிக்கறது பல தடவ பேரே கேள்விப்படாத ஊர் கடையா இருக்கும், அந்த லிஸ்ட்ட வச்சுட்டு ஞாயித்துக்கிழமைல ஊர் ஊரா போங்க. எனக்கு கை இந்தியானா பக்கம்தான் சாயும், சண்டை வேணாம்.

வீட்ல செய்ய முடியுமா? (மதுரை வாசகியின் இரண்டாவது கேள்வி)

முடியும்மா, மகன் வீட்டு கிச்சன்லயே செய்யலாம். எலும்பில்லாத லாய்ன் துண்ட நடுவுல விரிச்சு, ரெண்டு பிளாஸ்டிக் ஷீட்டுக்கு நடுவுல வச்சு நடுவுலேந்து ஓரத்துக்கு தட்டுங்க, ஓங்கி அடிச்சா கிழிஞ்சிடும், நிதானமா. அங்க கடைல விக்கற பட்டர்மில்க் நம்ம மோர் மாதிரி தண்ணியா இருக்காது, கெட்டியா புளிப்பா இருக்கும், அதுல உப்பு மிளகு போட்டு ராத்திரி முழுக்க ஊற வைங்க, புளிப்பு கறிய இன்னும் மெத்துன்னு ஆக்கும். மறுநாள் மைதால புரட்டி, திரும்ப பட்டர்மில்க்ல நனைச்சு, பொடிச்ச சால்ட்டின்கிற உப்பு பிஸ்கட்ல அழுத்தி ஒட்ட வைங்க. உடனே எண்ணெய்ல போடாதீங்க, இருபது நிமிஷம் அப்படியே தட்டுல கிடக்கட்டும், இல்லன்னா மாவு தனியா கழண்டு மிதக்கும். ஒவ்வொண்ணா பொரிங்க, ரெண்டு சேத்து போட்டா எண்ணெய் சூடு இறங்கி எண்ணெய் குடிச்சிடும்.

ஆனா முதல் தடவ வீட்ல வேணாம்மா. இந்தியானாபொலிஸ்ல கார் ரேஸ் மைதானத்துக்கு பக்கத்துல மக்-என்-பன்னு 1960லேந்து இருக்கற டிரைவ்-இன் ஒண்ணு இருக்கு, கொலம்பஸ்லேந்து ஒரு மணி நேரம்தான், ரூட் பீரும் அவங்களே செய்யறது. ஒரு சாயங்காலம் மகனோட போங்க, நீங்க முன்சீட்ல உக்காருங்க, தட்டு உங்க பக்கத்து கண்ணாடில மாட்டச் சொல்லுங்க.