நட்சத்திரம் ஏன் வெடிக்கிறது? சூப்பர்நோவா என்றால் என்ன?

சூரியனைப்போல் சுமார் 8 மடங்குக்கு மேல் நிறையுள்ள நட்சத்திரம் ஆயுள் முடிவில் வெடித்துச் சிதறுவதுதான் சூப்பர்நோவா. வேறொரு வகையும் உண்டு, ஆனால் அடிக்கடி நடப்பது இதுதான்.

நட்சத்திரத்தின் எடை எந்நேரமும் உள்நோக்கி அழுத்துகிறது. மையத்தில் அணுக்கள் இணையும்போது பிறக்கும் வெப்பம் அதைத் தாங்குகிறது. ஹைட்ரஜன், ஹீலியம் என்று ஒவ்வொன்றாகத் தீர்ந்து, கடைசியில் மையம் இரும்பாகிவிடும். இரும்பை இணைத்தால் ஆற்றல் கிடைக்காது. சரி, தாங்க ஒன்றுமில்லை என்றால்? ஒரு நொடிக்குள் மையம் நொறுங்கிச் சுருங்கும். மேலிருந்து விழும் அடுக்குகள் அந்தக் கெட்டியான மையத்தில் மோதி, அங்கிருந்து கிளம்பும் நியூட்ரினோக்கள் என்ற மிக நுண்ணிய துகள்களின் உந்துதலும் சேர, வெளியே தூக்கியெறியப்படும்.

கூடைப்பந்தின் மேல் சின்ன ரப்பர் பந்தை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கீழே விட்டுப் பாருங்கள். கூடைப்பந்து லேசாகத்தான் எழும்பும். சின்னப் பந்தோ உங்கள் தலைக்கு மேல் பறக்கும். கிட்டத்தட்ட அதே கதை.

1987இல் பக்கத்து விண்மீன் மண்டலம் ஒன்றில் வெடித்த நட்சத்திரம் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அதன் நடுவே நியூட்ரான் நட்சத்திரம், அதாவது நொறுங்கிச் சுருங்கிய மையத்தின் மிச்சம், ஒளிந்திருப்பதற்கான வலுவான தடயத்தை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2024இல்தான் காட்டியது. 37 ஆண்டுக் காத்திருப்பு! எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

அப்புறம், நம் சூரியனும் இப்படி வெடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு அந்த எடை போதாது, சுமார் 500 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு வீங்கி, வெளி அடுக்குகளை உதிர்த்துவிட்டு மெல்ல ஆறிப்போகும்.