அநீதி எங்கும் இருக்கிறது. மக்கள் சில இடங்களில் மட்டும் வீதிக்கு வருவது ஏன்?

கோபம் மட்டும் போதாது என்பதே நேரடியான பதில். அமெரிக்காவின் மான்ட்கமரி நகரில், நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏற மறுத்த புறக்கணிப்பைப் பாருங்கள். வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் 1955 டிசம்பர் 1 அன்று கைதானார். அதே ஆண்டு மார்ச்சில் 15 வயது கிளாடெட் கால்வினும் இதே காரணத்துக்காகக் கைதானார். அப்போது புறக்கணிப்பு எதுவும் நடக்கவில்லை. டிசம்பருக்குள் ஆயத்தம் முற்றியிருந்தது. கறுப்பினப் பெண்கள் அமைப்பின் தலைவரான ஜோ ஆன் ராபின்சன், பார்க்ஸ் கைதான அன்றிரவே, டிசம்பர் 5 அன்று பேருந்தில் ஏறாதீர்கள் என்று, தான் வேலை பார்த்த கல்லூரியின் நகல் இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அடித்துவிட்டார். தேவாலயங்கள் இடமும் பணமும் தந்தன.

டிசம்பர் 5 காலையில் பேருந்துகள் ஏறக்குறைய காலியாக ஓடின. பக்கத்து வீட்டுக்காரரும் நடந்துபோவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் 'நான் ஒருத்தன் நடந்து என்ன ஆகப்போகிறது' என்ற தயக்கம் போகும். பல போராட்டங்கள் முதல் நாளிலேயே படுப்பது இங்கேதான்.

ஆனால் ஒரு நாள் கூடுவது எளிது. மறுநாளும் வேலைக்குப் போயாக வேண்டுமே! டாக்சிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆட்களை ஏற்றினார்கள். குறைந்தபட்சம் 45 சென்ட் வாங்க வேண்டும் என்ற விதியைக் காட்டி நகர நிர்வாகம் மிரட்டியது. உடனே சொந்தக் கார்களைத் திரட்டி, ஏறுமிடங்களைக் குறித்து, கிட்டத்தட்ட 300 வண்டிகளை ஓட்டினார்கள். அந்த வண்டிகளின் காப்பீட்டை எதிர்ப்பாளர்கள் ரத்துசெய்ய வைத்தபோது, லண்டனின் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையில் வாங்கினார்கள். 1956 ஜனவரி 30 அன்று, போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வீசப்பட்டது. அமைப்பு உறுதியாக இருந்ததால் ஆட்கள் கலையவில்லை. பேருந்துகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்ற நீதிமன்ற ஆணை கைக்கு வந்தபின், 381 நாள் கழித்தே பேருந்தில் ஏறினார்கள்.