திரையில் லுத்தரன் போதகரும் அவர் மனைவி ஐயரம்மாவும்: கேள்வி பதில்

கேள்வி: ஸ்வீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மன் படங்களில் போதகர் என்றாலே கல்நெஞ்சக்கார ஆண்தானா?

பதில்: பெர்க்மனின் அப்பா எரிக், ஸ்வீடனில் லுத்தரன் (மார்ட்டின் லூதர் வழிவந்த புராட்டஸ்டன்ட் சபை) போதகர். அந்த வீட்டில் வளர்ந்த கோபம் படங்களில் தெரியும். 'ஃபேனி அண்ட் அலெக்சாண்டர்' (1982) பேராயர், கட்டிக்கொள்ளப்போகும் எமிலியிடம் நகை, துணிமணி எதுவும் இல்லாமல் வரச் சொல்கிறார். அவர் நேரடி வில்லன். 'வின்டர் லைட்' (1963) போதகர் தோமஸ் அப்படியில்லை. விசுவாசம் வற்றிப்போனவர். அவரை நேசிக்கும் பள்ளி ஆசிரியை மார்த்தாவுக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது. அவள் எழுதிய கடிதத்தை நம் கண்ணைப் பார்த்தே சொல்கிறாள், பல நிமிடங்களுக்கு. பிறகு வகுப்பறையில் அவளுடைய தோல்நோயையும் கிட்டப்பார்வையையும் சொல்லிச் சொல்லித் தோமஸ் குத்திக்காட்டுவார். பிரசங்க மேடை ஆணுக்கு, பாரமெல்லாம் பெண்ணுக்கு. இதை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன வேறு படம் எனக்குத் தெரியாது.

கேள்வி: ஐயரம்மா கை ஓங்கியிருக்கும் படம் ஏதாவது?

பதில்: டென்மார்க் இயக்குநர் ட்ரேயரின் 'தி பார்சன்ஸ் விடோ' (1920), மௌனப் படம். வேலை கிடைத்த இளம் போதகர், ஊர் வழக்கப்படி, முன்னவரின் விதவையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவளோ ஏற்கெனவே மூன்று போதகர்களை அடக்கம் செய்த கிழவி! பையன் தன் காதலியைத் தங்கை என்று சொல்லி வீட்டுக்குள் கூட்டி வருகிறான். கேலிக்கூத்து போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது சோற்றுப் பிரச்சினை. குருமனை, அதாவது போதகர் குடியிருக்கும் வீடு, சபையின் சொத்து; புருஷன் போனால் வீடும் போய்விடும். அந்தக் காலத்தில் வடக்கு ஐரோப்பாவில் இப்படி மணமுடிப்பது நிஜமாகவே நடந்திருக்கிறது.

கேள்வி (தரங்கம்பாடியிலிருந்து): எங்கள் சபையில் பெண்கள் கூட்டம், ஞாயிறு பள்ளி எல்லாம் ஐயரம்மா தலையில்தான், அண்ணா. படங்களில் அது வருகிறதா?

பதில்: குறைவுதான். 'தி பெஸ்ட் இன்டென்ஷன்ஸ்' (1992) பாருங்கள். பெர்க்மன் தன் பெற்றோரை வைத்து எழுதி, பில்லே ஆகஸ்ட் இயக்கியது. வசதியான வீட்டுப் பெண் அன்னா, குளிர் ஊர் ஒன்றில் கணவனின் ஊழியத்துக்குத் தோள் கொடுக்கிறாள். தலைநகரில் நல்ல பதவி தேடி வந்தும் கணவர் ஹென்ரிக் வேண்டாம் என்கிறார். அன்னா பிள்ளையோடு தாய்வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள். கணவனின் இறைப்பணி அழைப்புக்கு மனைவி எவ்வளவு தூரம் கட்டுப்பட்டவள் என்பதுதான் படத்தின் கேள்வி.

கேள்வி: பெண் போதகர்?

பதில்: டென்மார்க் 1948இலும், ஸ்வீடன் 1960இலும், நார்வே 1961இலும் பெண்களைப் போதகர்களாக அபிஷேகம் செய்துவிட்டன. சினிமாதான் பின்தங்கியது. எனக்குப் பிடித்தது நார்வேயின் 'ட்ரபிள்ட் வாட்டர்' (2008). அதில் அன்னா என்ற போதகர், தனியாக மகனை வளர்ப்பவர். அவர் பெண் என்பதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. ஆனால் கதை சுற்றுவது சிறையிலிருந்து வந்த ஆர்கன் வாசிப்பவனைத்தான். மேடை கிடைத்துவிட்டது, மையக் கதை இன்னும் கிடைக்கவில்லை.

கேள்வி: எதில் தொடங்கலாம், சார்?

பதில்: 'பார்சன்ஸ் விடோ'. சிரித்துக்கொண்டே பார்க்கலாம். அப்புறம் 'வின்டர் லைட்'. 80 நிமிடம்தான், ஆனால் தூக்கம் வரும் நேரத்தில் வேண்டாம்.