ஓர் அட்டைக்கு ஒரு ராத்திரி போகிறதா?

கேள்வி: பிறந்தநாள், கல்யாண நாள் என்று வேண்டியவர்களுக்கு நானே வாழ்த்து அட்டை செய்து தருகிறேன். ஓர் அட்டைக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகிவிடுகிறது. பெரும்பாலும் முந்தின ராத்திரிதான் உட்காருகிறேன். அவசரத்தில் பசை வழிகிறது, அட்டை வளைந்துபோகிறது. பாதியில் விட்டவையே ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன. வேகமாகச் செய்ய என்ன வழி?

பதில்: உங்கள் கை மெதுவானது என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த நான்கு மணி நேரத்தில் கத்தரிக்கோலும் பசையும் கையில் இருந்த நேரத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள், ஒரு மணி நேரம் தேறினால் அதிகம். மீதியெல்லாம் எந்தக் கலர், எவ்வளவு பெரிது, பூ மேலேயா கீழேயா, போன மாதம் வாங்கிய ரிப்பன் எங்கே என்பதிலேயே போயிருக்கும். யோசிப்பதை ஒரு நாளும் வெட்டி ஒட்டுவதை இன்னொரு நாளும் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

உறையிலிருந்து தொடங்குங்கள். அட்டையைச் செய்து முடித்துவிட்டு அதற்கு உறை தேடுகிறவர்கள்தான் அதிகம். கடைசியில் உறையையும் கையால் செய்ய வேண்டியதாகிவிடும். ஒரே அளவை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏ4 அட்டைத்தாளை நடுவில் வெட்டினால் இரண்டு ஏ5 துண்டு. ஒவ்வொன்றையும் மடித்தால் 105 × 148 மில்லிமீட்டரில் ஏ6 அட்டை. அதற்கு சி6 உறை (114 × 162) சரியாக இருக்கும். முகப்பின் மேல் ஒட்டும் முதல் தாள் அடுக்கு 99 × 142, அதற்கு மேல் இன்னொன்று என்றால் 93 × 136. சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கரை வரும். இந்த எண்களை ஒரு சீட்டில் எழுதி டப்பா மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். இனி அளவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அடிப்படை அட்டைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை எடுத்தால் நிமிர்ந்து நிற்கும். பிரின்ட் எடுக்கும் சாதாரணத் தாள் 80 ஜிஎஸ்எம்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

மடிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கையால் செய்த அட்டை நேர்த்தியாக இருக்கிறதா இல்லையா என்பது முதலில் அங்கேதான் தெரியும். எந்தத் தாளுக்கும் நார் ஓடும் திசை ஒன்று உண்டு. தாளை இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, அந்த வளைவுக்கு இணையாகத்தான் நார் ஓடுகிறது. மடிப்பும் அதே திசையில் விழுந்தால் வழவழவென்று வரும். குறுக்கே விழுந்தால் தடிமனான அட்டை பிளந்து, உள்ளே இருக்கும் வெள்ளை பல்லைக் காட்டும். ஏ4-இல் நார் நீளவாக்கில் ஓடினால் நான் சொன்னபடி நடுவில் வெட்டி மடியுங்கள், புத்தகம் போலத் திறக்கும். அகலவாக்கில் ஓடினால் தாளை நீளமாக இரண்டாகக் கிழித்தாற்போல் 105 × 297 பட்டைகளாக வெட்டி மடியுங்கள். அளவு அதேதான், ஆனால் கூடாரம் போல மேல்நோக்கித் திறக்கும். மடிப்பதற்கு முன் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி ஓட்டிப் பள்ளம் போடுங்கள். பள்ளம் விழுந்த பக்கம் வெளியே, மறுபக்கம் மேடாகத் தெரிவது உள்ளே. பலர் இதை மாற்றி மடிக்கிறார்கள்.

இப்போது வேலையை நாள் நாளாகப் பிரிப்போம். ஒரு மாலை வெட்டி மடிப்பது மட்டும். டிவி ஓடிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, பத்து அட்டை தயாராகிவிடும். கத்தி, ஸ்கேல் தவிர மேசையில் எதுவும் இருக்கக் கூடாது. கத்தியை ஒரே அழுத்தில் இழுக்காமல் லேசாக இரண்டு மூன்று தடவை ஓட்டுங்கள். இன்னொரு நாள் வண்ணம், ரப்பர் ஸ்டாம்ப். மூன்றாவது நாள் ஒட்டுவது. ஒரே டிசைனில் நாலைந்துக்கு மேல் போகாதீர்கள். ஆறாவதில் சலிப்பு வரும், அது அட்டையிலும் தெரியும். இப்படி மொத்தமாகச் செய்யும்போது தவறும் மொத்தமாகத்தான் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை எட்டு அட்டைகளின் முகப்பைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, எல்லாவற்றிலும் மடிப்பு வலப்பக்கம் வந்திருப்பதை அப்புறம்தான் பார்த்தேன். அன்றிலிருந்து மடித்தவுடனே உட்பக்க மேல் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுகிறேன்.

எந்த வேலையை முதலில் செய்வது? கெட்டுப்போக அதிக வாய்ப்புள்ளதை. அநேகமாக அது எழுத்துதான். பூவெல்லாம் ஒட்டி அழகாக முடித்த அட்டையில் கடைசியாக 'வாழ்த்துகள்' எழுதும்போது ஓர் எழுத்து சறுக்கினால் மொத்த உழைப்பும் போச்சு. முகப்பு வாசகத்தைத் தனித் துண்டில் எழுதுங்கள். நாலு துண்டு வீணானாலும் நஷ்டமில்லை, நன்றாக வந்ததை ஒட்டிக்கொள்ளலாம். உள்ளே எழுதுவதற்கு மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்றை மடித்து, மடிப்பை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் பசை வையுங்கள். தப்பு வந்தால் அந்தத் தாளை மட்டும் மாற்றலாம்.

அட்டை வளைவதற்குக் காரணம் வெள்ளைப் பசையில் இருக்கும் தண்ணீர். பசை பட்ட பக்கத்தில் நார் ஊறி விரிகிறது, மறுபக்கம் அப்படியே இருக்கிறது, தாள் வளையாமல் என்ன செய்யும்? பெரிய அடுக்குகளுக்கு இரட்டைப் பக்க டேப்பே போதும். வெள்ளைப் பசையைப் பூ, பட்டன் மாதிரி சின்னப் பொருள்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பல்குச்சி நுனியால். ஒட்டியதை ஒரு ராத்திரி கனமான புத்தகத்துக்கு அடியில் வையுங்கள் (எடுப்பாக நிற்கும் அலங்காரம் இருந்தால் வேண்டாம், நசுங்கிவிடும்). வாட்டர்கலரையும் அட்டையில் நேராகத் தீட்டாமல் தனித் தாளில் தீட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு வெட்டி ஒட்டுவதே நல்லது. முந்தின ராத்திரி உட்காருகிறவர்களுக்கு இல்லாதது இந்தக் காயும் நேரம்தான்.

ஸ்டாம்ப் குத்தி வண்ணம் தீட்டுவதாக இருந்தால் மையைச் சோதித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரையும் மைமேல் வாட்டர்கலர் போட்டால் கோடு கலையும். சில மைகள் தண்ணீருக்கு அசையாது, ஆனால் ஆல்கஹால் மார்க்கர் பட்டால் ஓடும். மிச்சத் துண்டில் ஒருமுறை முயன்று பார்த்து, எதற்கு எது ஒத்துவருகிறது என்று ஸ்டாம்ப் பேடின் மூடியிலேயே எழுதிவிடுங்கள்.

பெயரும் தேதியும் இல்லாத முடிந்த அட்டை நாலு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். அப்போது முந்தின ராத்திரி உங்களுக்கு மிஞ்சுவது உள்ளே நாலு வரி எழுதும் வேலை மட்டும்.

அப்புறம் அந்த டப்பா. அதிலிருக்கும் ஒவ்வொன்றையும் எடுத்து, முகப்பில் நன்றாக வந்திருக்கும் இடத்தின் மேல் வேறு தாளில் 93 × 136 அளவுக்கு ஓட்டை வெட்டிய சட்டம் ஒன்றை வைத்துப் பாருங்கள். சட்டத்துக்குள் அழகாக அடங்குவதை வெட்டியெடுத்துப் புது அட்டையில் ஒட்டுங்கள். அடங்காதது பசையும் மையும் சோதிக்கும் துண்டாகப் போகட்டும்.