முடக்குவாத ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்ள முடியுமா, வலிக்குமா?

மாத்திரை போதவில்லை, இனி அடாலிமுமாப் ஊசியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதாகவும், ஊசி என்றாலே உங்களுக்குக் கை நடுங்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஆச்சி 'சரவாங்கி' என்று சொல்லும் அதே முடக்குவாதம்தான் எனக்கும். இரண்டு வருடத்துக்கு மேலாகப் போட்டுக்கொள்கிறேன்.

வலி எறும்புக்கடி அளவுதான், சில நாள் கொஞ்சம் எரியும். என்னைப் படுத்தியது ஊசிமுனை இல்லை, என் கட்டைவிரல்.

நோய் இருப்பதே விரல்களில். அந்த விரல்களை வைத்துத்தான் மூடியைக் கழற்றி, வயிற்றுச் சதையைப் பிடித்து, பிஸ்டனை அழுத்த வேண்டும். முதல் ஊசியை ஆஸ்பத்திரியில் நர்ஸ் போட்டுக் காட்டினார். ஐந்து நிமிட வேலை, நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது வீட்டில். ஊசி சுலபமாக உள்ளே போய்விட்டது, ஆனால் பாதி மருந்தோடு கட்டைவிரல் நின்றுவிட்டது. "ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டால், வந்தவர் என்னைவிட அதிகமாக வியர்த்தார். கடைசியில் உள்ளங்கை மேட்டை வைத்து அமுக்கி முடித்தேன். இன்றைக்கும் அப்படித்தான் போடுகிறேன்.

அதனால் முதல் ஊசியை நர்ஸ் போடட்டும் என்று விடாதீர்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்க நீங்களே போடுங்கள். பேனா வடிவில் கிடைக்குமா என்றும் கேளுங்கள். அதில் பிஸ்டனை அழுத்தும் வேலை கிடையாது. 2014 டிசம்பரில் ஜைடஸ் நிறுவனம் உலகிலேயே முதல் அடாலிமுமாப் பயோசிமிலரை, அதாவது மூல மருந்தைப் போலவே இன்னொரு கம்பெனி செய்யும் மருந்தை, நம் நாட்டில்தான் கொண்டுவந்தது. இப்போது பல கம்பெனிகள் செய்கின்றன, விலையும் வடிவமும் ஆளுக்கொரு மாதிரி. இன்னொன்று, காலையில் விரல் விறைத்திருக்கும்போது போடாதீர்கள். நான் சாயங்காலம் காபி குடித்த பிறகுதான்.

போடும்போது தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டுவிடுங்கள். தொடையிலும் போடலாம், ஒவ்வொரு தடவையும் இடத்தை மாற்றுங்கள். ஸ்பிரிட் தடவியதும் அது காயும்வரை பொறுங்கள். ஈரத்தோடு குத்தினால் வரும் எரிச்சலுக்கு மருந்தின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன், ரொம்ப நாள். போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம்.

தொடங்கும் முன் டி.பி. பரிசோதனை எழுதித் தருவார்கள், கூடவே ஹெபடைடிஸ் பி. 'எனக்கு இருமலே இல்லையே' என்று தட்டிக்கழிக்காதீர்கள். இந்த ஊசி டி.என்.எஃப். என்ற புரதத்தைக் கட்டிப்போடுகிறது. மூட்டை வீங்க வைப்பதில் அதற்குப் பங்கு உண்டு, ஆனால் உடம்புக்குள் தூங்கும் டி.பி. கிருமியைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் காவல் காப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. எனக்கு மாண்டூ பரிசோதனையில், அதாவது டி.பி.க்காகக் கையில் தோலுக்குள் ஊசி போட்டுப் பார்ப்பதில், கை தடித்துவிட்டது. அம்மா அழுதே விட்டார். எக்ஸ்ரே சுத்தம், அதாவது நோய் இல்லை, கிருமி மட்டும் பதுங்கியிருக்கிறது. நம் ஊரில் இது நிறைய பேருக்கு உண்டாம். ஐசோனியாசிட் என்ற டி.பி. மாத்திரையும் பி6 வைட்டமினும் தொடங்கி, ஒரு மாதம் கழித்துத்தான் ஊசியை ஆரம்பித்தார்கள்.

அப்புறம் ஃபிரிட்ஜ். 2 முதல் 8 டிகிரி. கதவில் வைக்காதீர்கள், ஃப்ரீசரை ஒட்டியும் வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்துவிட்டால் உருகினாலும் குப்பைக்குத்தான். போடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். வெந்நீரில் போட்டுச் சூடாக்கக் கூடாது. சில பிராண்டுகளை 25 டிகிரிக்குள் 14 நாள் வரை வெளியே வைக்கலாம் என்று தாளில் போட்டிருக்கும். மே மாதத் திருநெல்வேலியில் 25 டிகிரிக்கு எங்கே போக? பகல் முழுக்கக் கரண்ட் கட் என்று அறிவித்தால் ஃபிரிட்ஜைத் திறக்கவே விடமாட்டேன், மாமியாருக்குத் தயிர்கூடக் கிடையாது.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், ஊசி வந்துவிட்டதே என்று அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசிக்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்காமல் இருக்க அது உதவும் என்று டாக்டர் சொன்னார். அது வாரம் ஒருமுறை மாத்திரை என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். தவறி தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

காய்ச்சல், விடாத இருமல், ஆறாத புண் ஏதாவது இருந்தால் ஊசியைத் தொடாமல் முதலில் டாக்டருக்குப் போன் போடுங்கள்.

எனக்கு மூன்றாவது ஊசிக்குப் பிறகு காலை விறைப்பு இரண்டு மணி நேரத்திலிருந்து அரை மணிக்கு இறங்கியது. சிலருக்கு 12 வாரம் ஆகலாம், அதற்குள் கைவிட்டுவிடாதீர்கள்.

போட்ட ஊசியின் மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள், குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள். குப்பை அள்ளுபவர் கையில் குத்தும். நான் கெட்டியான பழைய ஃபினாயில் கேனில் சேர்த்து, நிரம்பியதும் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுகிறேன். இப்போது இருப்பது இரண்டாவது கேன்.