ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்: அனிமே தொடரும் மங்காவும் ஏன் ஒட்டவில்லை?

ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட் அனிமேயை (ஜப்பானிய கார்ட்டூன் தொடர்) பார்த்து முடித்துவிட்டு மங்காவின் (ஜப்பானிய காமிக்ஸ்) 13ஆம் புத்தகத்தைத் திறந்தால் கதை ஒட்டவில்லையே, எங்கிருந்து படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். முதல் புத்தகத்திலிருந்தே படியுங்கள். தமுக்கம் புத்தகத் திருவிழாவில் நீங்கள் வாங்கிய 13ஆம் புத்தகம் போலியும் இல்லை, அச்சுக்கோளாறும் இல்லை. பார்த்து முடித்த அனிமேதான் வேறு கதை.

இந்தக் கதை இரண்டு முறை அனிமேவாக வந்தது. 2003இல் முதல் தொடர் ஆரம்பித்தபோது மங்காவை எழுதி வரைந்த ஹிரோமு அரகாவா அதில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. அதனால் தொடர் நடுவழியில் பிரிந்துபோய், தானே ஒரு முடிவையும் வைத்துக்கொண்டது. மங்காவை ஒட்டிப் போவது 2009இல் தொடங்கிய ‘பிரதர்ஹுட்’. நீங்கள் பார்த்தது பழையதாகத்தான் இருக்க வேண்டும்.

எபிசோடுகளை எண்ணுங்கள்: 51 என்றால் பழையது, 64 என்றால் பிரதர்ஹுட். எண்ணச் சோம்பலாக இருந்தால், சிங் நாட்டு இளவரசன் லிங் நினைவிருக்கிறானா? பசியில் தெருவில் மயங்கிக் கிடந்து, அப்புறம் கதாநாயகன் எட்வர்ட் காசில் தட்டு தட்டாகத் தின்று தீர்ப்பானே, அவன்தான். பழைய தொடரில் அவன் கிடையவே கிடையாது.

நடுவிலிருந்து படிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆள் வேறு: பழைய தொடரில் ஸ்லாத் என்ற வில்லன் பாத்திரம் ஒரு பெண், மங்காவில் மலைபோல் ஒரு தடியன். பழையதைப் பார்த்தது வீண் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதன் சோகம் பிரதர்ஹுட்டில் எனக்குக் கிடைக்கவில்லை.

மீதியை வாங்கும்போது ஒன்று: தனிப் புத்தகங்கள் 27, மூன்று மூன்றாகச் சேர்த்து விஸ் நிறுவனம் ஆங்கிலத்தில் வெளியிட்ட தொகுப்புகள் 9. அவற்றில் 5ஆம் தொகுப்புக்குள் 13, 14, 15 இருக்கும். அட்டை எண்ணை மட்டும் பார்த்துக் காசு கொடுத்துவிடாதீர்கள்.