வாஷ் பேசினுக்கு எந்தக் குழாய் வாங்குவது, அதை நாமே மாட்டிவிட முடியுமா?

கூடத்து வாஷ் பேசினுக்குக் குழாய் வாங்க வேண்டும், ஐந்நூறு ரூபாயிலிருந்து ஐயாயிரம் வரை விலை சொல்கிறார்கள், எதை வாங்குவது, பிளம்பர் இல்லாமல் மாட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக்குப் போவதற்கு முன்னால், அந்தக் குழாயைத் தினமும் திறந்து மூடப்போகிற கைகளைப் பாருங்கள் என்பதுதான் முதல் கேள்விக்கு என் பதில். இரண்டாவது கேள்விக்கு, முடியும். நானே மாட்டியிருக்கிறேன்.

கைகளைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் அம்மா திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலில் முப்பது வருடத்துக்கு மேல் பீடி சுற்றியவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலையை வெட்டி, தூள் வைத்து, உருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி, விரல்களுக்கு நாளெல்லாம் இதே வேலை. அப்பா இறந்த பிறகு, 2019இல், சென்னை மேடவாக்கத்தில் நான் குடியிருந்த வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார். சில மாதங்களில் கூடத்துக் குழாய் சொட்டத் தொடங்கியது. அம்மா கை கழுவிவிட்டுப் போன பிறகு மட்டும் சொட்டும். நான் போய் இறுக்கினால் நின்றுவிடும். கோடையில் லாரித் தண்ணீரை நம்பி இருந்த அடுக்ககம் அது. ஒரு நாள் இரவு பேசினுக்குள் மூன்று லிட்டர்ப் பாத்திரம் ஒன்றை வைத்தேன். காலையில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அம்மாவின் முன்னால் வைத்து, "ஒரு குழாயை ஒழுங்காக மூடக்கூடாதா?" என்று கேட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் திரும்பினேன். அம்மா முந்தானையைக் குழாயின் உருண்டைத் தலையில் சுற்றி, இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தித் திருப்பிக்கொண்டிருந்தார். தோள் வரைக்கும் நடுங்கியது. என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டு, "விரல் மடங்க மாட்டேன் என்கிறது, பிள்ளை. உன்னிடம் சொன்னால் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவாய்" என்றார். அந்தப் பாத்திரத்தை அம்மாவின் முன்னால் கொண்டுபோய் வைத்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் இவ்வளவு எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

குற்றம் குழாயில் இருந்தது. பழைய வகைக் குழாய்க்குள் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். தலையைத் திருகத் திருகத் தண்டு கீழே இறங்கி, அந்த வாஷரைத் தண்ணீர் வரும் துளையின் மேல் அழுத்தும். வாஷர் தேயத் தேய இன்னும் பலமாக அழுத்த வேண்டும். பலம் இருக்கிற வீட்டில் யாரும் இதைக் கவனிப்பதில்லை. இப்போது வருகிற கால் சுற்றுக் குழாய்களுக்குள் இரண்டு செராமிக் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. கைப்பிடியை 90 பாகை நகர்த்தினால் தட்டுகளில் உள்ள துளைகள் ஒன்றோடொன்று சேரும். திருப்பி நகர்த்தினால் மறைந்துவிடும். அழுத்த வேண்டிய தேவையே இல்லை. உங்கள் வீட்டில் முதியவர்களோ சிறு பிள்ளைகளோ இருந்தால், நீளமான தட்டைக் கைப்பிடி உள்ள கால் சுற்றுக் குழாயைத்தான் வாங்குங்கள். உருண்டைத் தலை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். சோப்புக் கையில் அது வழுக்கவும் செய்யும்.

நானும் முதலில் தவறாகத்தான் வாங்கினேன். அம்மாவுக்கு நல்லதாக வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற வேகத்தில், 2021இல் 4,800 ரூபாய் கொடுத்து வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் கலந்து தருகிற ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் வாங்கினேன். ஒரு விரலால் தூக்கினால் திறக்கும் என்று கடையில் காட்டினார்கள், உண்மைதான். எங்கள் பேசினுக்கு வெந்நீர் இணைப்பே இல்லை என்பதை நானும் யோசிக்கவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் அழுத்தம். நீர்மட்டம் குழாயைவிடப் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். எங்கள் வீடு மேல்தளம். மொட்டை மாடித் தொட்டிக்கும் குழாய்க்கும் இடையே எட்டு அடி, ஏறத்தாழ இரண்டரை மீட்டர்தான் இருந்தது. கணக்குப் போட்டால் கால் பார். மிக்ஸரின் பெட்டிக்குள் இருந்த தாளில் குறைந்தது 1 பார் வேண்டும் என்று அச்சிட்டிருந்ததை மாட்டிய பிறகுதான் படித்தேன். தண்ணீர் நூல்போல வந்தது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மிக்ஸரை மாட்ட வந்த பிளம்பர், பேசினுக்கு அடியில் சுவரில் தண்ணீரை அடைக்கிற சிறிய வால்வான ஆங்கிள் காக் சரியாக மூடவில்லை என்று அதையும் புதிதாக மாற்றினார். மாற்ற வேண்டியதுதான். ஆனால் நீளமான பைப் ரெஞ்சைப் போட்டு, நின்ற பிறகும் இன்னும் அரைச் சுற்று, இன்னும் அரைச் சுற்று என்று இறுக்கினார். சுவருக்குள் இருக்கிற சி.பி.வி.சி. எல்போ, அதாவது பிளாஸ்டிக் பைப்பின் வளைவு இணைப்பு, அதைத் தாங்காது. மூன்று வாரம் கழித்துச் சுவரின் மறுபக்கம் ஈரம் பூத்தது. டைல்ஸை உடைத்துப் பார்த்தால் எல்போவில் முடியளவு விரிசல். அந்த நிற டைல்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. 6,500 ரூபாய் செலவு.

பாதியை ஏற்றுக்கொள்வதாக வீட்டு உரிமையாளர் அன்றைக்குச் சொன்னார். 2022இல் நாங்கள் காலி செய்தபோது, டைல்ஸ் நிறம் மாறிவிட்டது என்று சொல்லி அதற்கும் முன்பணத்தில் பிடித்தார். வண்ணம் அடிக்க ஒரு மாத வாடகையையும் பிடித்தார். மூன்று வருடம் குடியிருந்த வீட்டுக்கு வண்ணம் அடிப்பது அவருடைய செலவா, என்னுடைய செலவா? தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. ஆனால் வீடு கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில், ஆறு மாதம் பத்து மாதம் என்று நாமே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் எந்தப் பழுதுவேலை செய்தாலும் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், செலவைப் பகிர்வதாக உரிமையாளர் சொன்னால் குறுஞ்செய்தியிலாவது எழுதி வாங்குங்கள். கேட்டது குழாயைப் பற்றித்தான், தெரியும். ஆனாலும் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

பிளம்பர்களின் பிழைப்பைக் கெடுக்கிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். சுவருக்குள் போகிற வேலைக்கு இன்றைக்கும் பிளம்பரைத்தான் கூப்பிடுகிறேன், கேட்ட கூலியைக் கொடுக்கிறேன். பேசின் மேல் குழாயை மாற்றுவது சுவருக்கு வெளியே நடக்கிற வேலை என்பதால் சொல்கிறேன்.

மிக்ஸரைக் கழற்றிவிட்டு நான் மாட்டியது 1,150 ரூபாய் பில்லர் காக், பேசின் துளையில் நிற்கிற, தண்ணீருக்கு ஒரே இணைப்புள்ள குழாய். கடைக்குப் போகும்போது இந்த முறை அளவெடுக்கும் டேப் எடுத்துப்போனேன். பேசினின் துளைக்கு, குழாயின் மூக்கு எவ்வளவு நீள வேண்டும் என்பதற்கு, இரண்டுக்கும் அளவு வேண்டும். மூக்கு குட்டையாக இருந்தால் தண்ணீர் பேசினின் பின்சுவரை ஒட்டி விழும், கை கழுவும்போது விரல் முட்டி பீங்கானில் இடிக்கும். அம்மாவின் இரண்டு கைகளும் கீழே நுழைகிற அளவுக்கு இடம் வேண்டும் என்று என் கையை வைத்தே பார்த்து வாங்கினேன். மேசைமேல் வைக்கிற கிண்ண வடிவப் பேசினாக இருந்தால் உயரமான குழாய் தேவைப்படும்.

பித்தளையா என்று பார்க்கக் காந்தத்தை எடுத்துப்போகச் சொல்வார்கள். காந்தம் இரும்பைத்தான் காட்டிக்கொடுக்கும். துத்தநாகக் கலவையும் காந்தத்தில் ஒட்டாது. கையில் தூக்கிக் கனம் பாருங்கள், பிறகு அடியில் மரை இருக்கிற இடத்தில், முலாம் படாத பகுதியைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் பித்தளை. சாம்பல் நிறமாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஐ.எஸ். 8931 என்ற தர எண் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பிளாஸ்டிக் குழாயை மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. உப்புத் தண்ணீரில் அது அரிக்காது. எங்கள் குளியலறையில் அதுதான் இருக்கிறது. முக்கூடல் வீட்டில் தாமிரபரணித் தண்ணீர் பாய்ந்த பித்தளைக் குழாய் என் பள்ளிக்காலம் முழுவதும் மாற்றப்படவே இல்லை. மேடவாக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஆறு மாதத்தில் வெள்ளைப் பொருக்குக் கட்டிவிடுகிறது. உங்கள் தண்ணீர் எது என்று தெரியாமல் யாரும் உங்களுக்குக் குழாய் சொல்ல முடியாது.

மாட்டும் வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, மேல் குழாயைத் திறந்து, தண்ணீர் நின்றுவிட்டதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் மாடியில் இருக்கிற வால்வை மூட வேண்டும். கடினமான பகுதி, பேசினுக்கு அடியில் பழைய குழாயைப் பிடித்திருக்கிற நட்டைக் கழற்றுவதுதான். உப்புப் பிடித்து இறுகியிருக்கும். முந்தின நாள் இரவே துருநீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். எனக்கு அதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது. புதுக் குழாயை ரப்பர் வாஷரோடு துளையில் இறக்கி, மேலே ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ள, கீழே நட்டை இறுக்க வேண்டும். அன்றைக்கு மேலே பிடித்துக்கொண்டது அம்மா, இரண்டு உள்ளங்கைகளுக்கு இடையில். பீங்கான் விரியும் அளவுக்கு முறுக்காதீர்கள். குழாய் அசையாமல் நின்றால் போதும்.

கனெக்‌ஷன் பைப்பை (ஆங்கிள் காக்கையும் குழாயையும் இணைக்கிற வளையும் பைப்) குழாயில் மாட்டுவதற்கு முன்னால் அதன் வாயை ஒரு வாளியில் விட்டு, ஆங்கிள் காக்கைத் திறந்து சிறிது தண்ணீரை ஓடவிடுங்கள். எங்களுக்குக் கறுப்பு மணலும் பிளாஸ்டிக் சீவலும் வந்தன. அது குழாய்க்குள் போயிருந்தால் செராமிக் தட்டில் கீறல் விழுந்து, புதுக் குழாயே சொட்டும். பைப்பின் நட்டுக்குள் ஏற்கெனவே ரப்பர் இருக்கிறது. அங்கே கசிவைத் தடுக்க மரையில் சுற்றுகிற டெஃப்லான் டேப் தேவையில்லை. கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று, அவ்வளவுதான். டேப் சுற்ற வேண்டிய இடம் சுவருக்குள் போகிற மரை, அதை மரை ஏறுகிற திசையிலேயே சுற்ற வேண்டும். எல்லாம் முடிந்ததும் அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்து வைத்து, மறுநாள் காலை தொட்டுப் பாருங்கள். எங்கள் செய்தித்தாள் காய்ந்தே இருந்தது.

காலி செய்யும்போது பழைய குழாயைத் திருப்பி மாட்டிவிட்டு இதை எடுத்துப்போகிறேன் என்று கேட்டேன், உரிமையாளர் சம்மதிக்கவில்லை. இப்போது செம்பாக்கத்து வீட்டில் அதே வகையை மறுபடி வாங்கி மாட்டியிருக்கிறேன். அம்மா மணிக்கட்டால் தட்டித் திறக்கிறார், மணிக்கட்டாலேயே மூடுகிறார். மாதத்துக்கு ஒரு முறை மூக்கின் நுனியில் இருக்கிற வலையைக் கழற்றி, எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துக் கழுவுகிறேன். கழிப்பறைக்கு ஊற்றுகிற ஆசிட்டை மட்டும் குழாய் அருகே கொண்டுபோகாதீர்கள், முலாம் போய்விடும்.

மிக்ஸர்தான் வேண்டும் என்று நினைத்தால், குழாயிலிருந்து உங்கள் தொட்டி எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, பேசினுக்கு வெந்நீர் இணைப்பு இருக்கிறதா என்று கீழே எழுதுங்கள். சரிப்படுமா என்று சொல்கிறேன்.